பெனாசிரின் கணக்குக்கு ஓர் எதிராளி

காற்று என்ன செய்யும் என்பதைக் காற்றைக் கேட்காமலேயே சொல்வது பேராசிரியர் மங்கையர்க்கரசியின் தொழில். ராக்கெட் ஒன்று மேலே போகும்போது அதன் மூக்கைச் சுற்றிக் காற்று எங்கே வழுக்கும், எங்கே முட்டும், எந்த வேகத்தில் பிடித்து உலுக்கும் என்பதையெல்லாம் கணினியில் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். அந்த ராக்கெட் அப்போது பிறந்தே இருக்காது. பல நாடுகளிலிருந்து மாநாடுகளுக்கு அழைத்தார்கள். அவரை மேடைக்குக் கூப்பிடுபவர்கள் பெயரின் நடுவில் மூச்சு வாங்கி நின்றுவிடுவார்கள். சபை கைதட்டி அவர்களைக் காப்பாற்றும்.

அவருடைய ஆய்வகம் சென்னையில், மரங்கள் அடர்ந்த ஒரு வளாகத்தின் பின்கோடியில் இருந்தது. அடுத்த கட்டடத்தில் காற்றுச் சுரங்கம். ராக்கெட்டின் சிறிய மாதிரியை உள்ளே நிறுத்தி, தொட்டிகளில் அழுத்தி வைத்த காற்றை அதன்மேல் திறந்துவிட்டு, கணக்குச் சொன்னது சரிதானா என்று பார்க்கும் இடம் அது.

அங்கே இரண்டு வழக்கங்கள் இருந்தன.

சோதனைக்கு முன்பே கணக்கின் விடையை ஒரு கோடாக வரைந்து கட்டுப்பாட்டு அறையின் கதவில் ஒட்டிவிட வேண்டும். காற்றைத் திறந்த பிறகு அதைக் கழற்றக் கூடாது. அளவுகள் வர வர, கோடு இருக்கும் தாளிலேயே சிவப்புப் பேனாவால் புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் விழுந்த பிறகு கோடு வரைந்துகொண்டு வருபவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு ஆய்வகத்தில் 'நேற்றைய ராசிபலன்' என்று பெயர்.

மற்றொரு வழக்கம் கொஞ்சம் விசித்திரமானது. கோட்டை ஒட்டும் முன் ஆய்வகத்திலிருந்தே ஒருவர் அந்தக் கணக்கில் பிழை தேட வேண்டும். முடியும்வரை அவருக்கு வேறு வேலை கிடையாது. அவரை எதிராளி என்பார்கள். சோதனையன்று சிவப்புப் புள்ளி வைப்பதும் அவர்தான்; எதிராளி வைக்கும் புள்ளி தாராளம் காட்டாது என்பது பேராசிரியரின் கருத்து. இவ்வளவு செய்தும் எதிராளியின் பெயர் எங்கும் வராது.

மாசிலாமணி அங்கே ஆய்வு மாணவர். மாணவர் என்பது அலுவலகத்தின் சொல். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பேராசிரியரைவிடக் கொஞ்சம்தான் இளையவர். சாத்தூர்ப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு, டாக்டர் பட்டத்துக்காக விடுப்பு வாங்கி வந்திருந்தார். விடுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. "பட்டத்தோட வர்றீங்களா, வேற ஆளைப் போட்டுக்கட்டுமா?" என்று கல்லூரித் தாளாளர் போனில் கேட்டிருந்தார். குரலில் கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. விண்வெளி நிறுவனம் ஒன்று புதிய ராக்கெட்டின் மூக்கைச் சோதனைக்கு அனுப்பியிருந்தது. உடம்பைவிடத் தலை பெருத்த வடிவம். மாசிலாமணியின் ஊர்க்காரர்கள் பார்த்தால் தீக்குச்சி என்பார்கள். அதற்கான கோடு கதவில் ஏறினால் கடைசி அத்தியாயம் முடிந்தது. அவர் வந்த பிறகு ஏறிய கோடுகளெல்லாம் அவருடையவைதான். இதுவும் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவர் எண்ணியிருந்தார்.

அப்போதுதான் பெனாசிர் குறுக்கே வந்தாள்.

மேலப்பாளையத்துப் பெண். ஆய்வகத்தில் சேர்ந்து இரண்டாம் வருடம். மற்றவர்கள் மாசிலாமணியை அண்ணா என்பார்கள். அவள் மட்டும் சார் என்பாள். அவளை வெறுப்பதில் இருந்த ஒரே சிரமம் அது.

பேராசிரியரிடம் பாராட்டு என்று ஒன்று கிடையாது. மாணவர் பேசும்போது டவரா டம்ளரில் காபி குடித்துக்கொண்டு கேட்பார். பேச்சு முடிவதற்குள் காபி முடிந்துவிட்டால் விஷயம் சாதாரணம் என்று பொருள். மாசிலாமணி பேசிய எல்லா நாளும் காபி முடிந்திருக்கிறது. பெனாசிர் அந்தத் தீக்குச்சித் தலையின் கணக்கைத் திரையில் காட்டிய அன்று, பேராசிரியரின் கை டம்ளரைத் தொடவேயில்லை. காபியில் ஏடு படிந்தது. மாசிலாமணி திரையைப் பார்க்கவில்லை, ஏட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் செய்தது எளிமையாகவும் இருந்தது. காற்றைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டித்தான் இந்தக் கணக்குகளைப் போடுவார்கள். மாசிலாமணி எல்லா இடத்தையும் பொடிப்பொடியாக வெட்டுவார். கணினி வாரக்கணக்கில் முனகும். பெனாசிர், காற்று குழம்பும் இடத்தில் மட்டும் பொடியாக வெட்டி, குழப்பம் நகர்ந்தால் கட்டங்களும் கூடவே நகரும்படி செய்திருந்தாள். அவளுடைய கணக்கு இரண்டே நாளில் முடிந்தது.

"இதையே கதவில ஒட்டலாம்," என்றார் பேராசிரியர். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றார்.

அந்த 'நீ'யும் மாசிலாமணியைச் சுட்டது. அவருக்கு நான்கு வருடமாக 'நீங்க'தான்.

பழந்தமிழில் பொறாமைக்கு அழுக்காறு என்று பெயர். அதை அழுக்கு, ஆறு என்று உடைத்து, மனத்துக்குள் ஓடும் சாக்கடை என்று விளக்குவோர் உண்டு. இலக்கணப்படி தவறு, அழுக்கறு என்பது தனி வினை. ஆனால், நாள் முழுதும் ஓட்டங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த மாசிலாமணிக்கு அந்தத் தவறான விளக்கமே பொருத்தமாகப் பட்டது.

ஒரு மாலை அவர் பேராசிரியரின் அறை வாசலில் போய் நின்றார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கணக்குலயா?"

"இல்லை. பொதுவா. என் நண்பர் ஒருத்தர் கேட்டார். பொறாமையை எப்படிப் போக்கறதுன்னு."

"யார்மேல பொறாமை?"

"கூட வேலை பாக்கற ஒருத்தர்மேல. ஜூனியர்."

"அந்த ஜூனியர் நல்லா வேலை செய்வாரா?"

"அதுதான் மேடம் பிரச்சினையே."

"உங்க நண்பர் ஆளைப் பாத்துக்கிட்டிருக்காரா, ஆளோட வேலையைப் பாத்துக்கிட்டிருக்காரா?"

மாசிலாமணி யோசித்தார். "ரெண்டையும்."

"வேலையை எவ்வளவு நேரம் பாப்பார்?"

"எந்நேரமும்."

"கண்ணு கொட்டாம?"

"ஆமா மேடம்."

பேராசிரியர் நாற்காலியைத் திருப்பினார்.

"பெனாசிர் கணக்குக்கு எதிராளி தேடிக்கிட்டிருக்கேன். உங்க நண்பர் வருவாரா?"

"அவர்... வேற ஊர்ல இருக்கார் மேடம்."

"அப்ப நீங்க இருங்க."

மாசிலாமணி நின்றுகொண்டே இருந்தார். "நான் கேட்டதுக்குப் பதில்?"

"சொல்லிட்டேனே," என்று பேராசிரியர் திரைக்குத் திரும்பினார்.

செய்தி பரவியது. தணிகைவேல் டீக்கடையில் பிடித்துக்கொண்டான். அவன் மாசிலாமணியின் நண்பன். அவருடைய முந்தைய கணக்குகளுக்கெல்லாம் எதிராளியாக இருந்தவன்.

"உங்களையாண்ணா போட்டாங்க? மேடத்துக்கு விஷயம் தெரியாதா?"

"எந்த விஷயம்?"

"ஒண்ணுமில்லண்ணா. பஜ்ஜி சொல்லட்டுமா?"

மாசிலாமணி பஜ்ஜி சாப்பிடவில்லை. அன்றே வேலையைத் தொடங்கினார்.

அவ்வளவு ஆசையாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை. சொந்தக் கணக்கில் சலிப்பு வரும், இதில் வரவில்லை. காற்று உள்ளே வரும் வாசலைப் பார்த்தார், சரியாக இருந்தது. வெளியேறும் வாசலைப் பார்த்தார். கட்டங்களை ஒவ்வொரு பகுதியாகப் பெரிதாக்கி, எங்காவது கோணல் இருக்காதா என்று பார்த்தார். ஒரு கட்டம்கூடக் கோணவில்லை. அவள் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை ஒழுங்கு செய்வதுபோல் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு சுத்தமான மூலையும் அவருக்குக் கன்னத்தில் ஓர் அறையாக விழுந்தது.

அவளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், ஏதாவது கெடச்சுதா?"

"இன்னும் இல்லம்மா."

"கெடைக்கணும் சார். ஒண்ணுமே கெடைக்கலன்னா எனக்குப் பயமா இருக்கு."

"என்ன பயம்?"

"எதையோ எல்லாருமா சேந்து பாக்காம விட்டிருக்கோமோன்னு."

இவள் அடக்கத்தைக்கூட நன்றாகச் செய்கிறாளே என்று மாசிலாமணிக்கு எரிச்சலாக இருந்தது. கட்டங்களையெல்லாம் பார்த்து முடித்தவர், அந்த எரிச்சலில், கட்டங்கள் இல்லாத இடத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

அங்கே இருந்தது.

ராக்கெட்டின் மூக்கு உருண்டை. இடமும் வலமும் ஒன்றே. எனவே வலது பாதியை மட்டும் கணக்கிட்டு, நட்டநடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்திவிடுவது இந்தத் தொழிலில் உள்ள ஒரு சிக்கனம். நிஜக் கண்ணாடி இல்லை. வலப்பக்கம் நடப்பதே இடப்பக்கமும் நடக்கும் என்று கணினிக்குச் சொல்லி வைப்பது. வேலை பாதியாகிவிடும். பெனாசிரின் கணக்கிலும் கண்ணாடி இருந்தது.

ஒல்லியான மூக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இது பெருத்த தலை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, தலைக்குப் பின்னால் காற்று ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் என்று பாம்புபோல் நெளியலாம். கண்ணாடி நெளிய விடாது. வலம் வீங்கினால் இடமும் வீங்கியே தீர வேண்டும். பக்கவாட்டு உலுக்கல் என்று ஒன்று உண்டு என்பதே அந்தக் கணக்குக்குத் தெரியாது.

கண்ணாடியை எடுத்துவிட்டு, பெரிய பெரிய கட்டங்களில் அவசரமாக ஒரு முழுக் கணக்கை ஓட்டிப் பார்த்தார். திரையில் காற்று கொஞ்ச நேரம் சமர்த்தாக இருந்தது. பிறகு நெளிந்தது.

மாசிலாமணி எழுந்து நின்று, இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, நெளிவதை ரசித்தார். சாத்தூரில் பொங்கலுக்கு முதல் பானை பொங்கும்போது அப்படி நின்றிருக்கிறார்.

ரசித்து முடித்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கண்ணாடியை அவளுக்குக் கொடுத்தது யார் என்பது.

அவள் சேர்ந்த முதல் வாரம். எங்கே தொடங்குவது என்று கேட்டு வந்தவளிடம், தன் கணக்கின் அமைப்பை அப்படியே எடுத்துக் கொடுத்து, "இதை வெச்சுக்கோம்மா, இத்தனை வருஷமா ஓடுது," என்று அவர்தான் சொன்னார். அவருடைய கணக்கிலும் அதே கண்ணாடிதான். இதே மூக்குக்கு இப்போது பக்கத்துக் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கும் கடைசி அத்தியாயத்திலும் அதேதான். அதற்கு முந்தைய அத்தியாயமும் பெருத்த தலைகளைப் பற்றியதே; கதவில் ஏறிய கோடுகளெல்லாம் ஒல்லி மூக்குகளுடையவை, இந்தத் தலைகள் சுரங்கத்துக்குப் போனதே இல்லை.

அவர் உட்கார்ந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தார். பெனாசிரின் கோடு கதவில் ஏறும். சிவப்புப் புள்ளிகள் விலகி விழும். விண்வெளி நிறுவனத்துக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். அதற்குள் அவர் ஓசைப்படாமல் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுக் கணக்கை முடித்து வைத்திருப்பார். அவள் தோற்ற இடத்தில் அவருடைய கோடு போய் நிற்கும். அது நேற்றைய ராசிபலன் என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பட்டம் கிடைக்கும்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தார். அவளுக்கு இன்னும் நேரம் இருந்தது, திருத்திவிடுவாள். விழுவது அவருடைய இரண்டு அத்தியாயங்கள் மட்டும்தான்.

இரண்டு கணக்குகளும் பிழையில்லாமல் இருந்தன. அவர் வீட்டுக்குப் போனார்.

கோடு ஒட்ட வேண்டிய கெடுவுக்கு முந்திய காலை, பேராசிரியர் கூப்பிட்டார்.

"என்ன மாசிலாமணி, பிழை இருக்கா?"

அவர் பதில் சொன்னதற்கு உயர்ந்த காரணம் எதையும் தேட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொள்ளும் தீர்மானத்தோடுதான் அறைக்குள் வந்தார். ஆனால் அப்படி ஓர் அழகான பிழையைக் கண்டுபிடித்துவிட்டு, அதைக் காற்றுச் சுரங்கம் கண்டுபிடித்ததாக ஊர் சொல்வதை அவரால் பொறுக்க முடியவில்லை. சுரங்கத்தின் மேலும் அவருக்குப் பொறாமை வந்துவிட்டது.

"இருக்கு மேடம்."

"எங்க?"

"நடுவில. கண்ணாடி."

பேராசிரியர் பெனாசிரின் கணக்கைத் திறந்தார். பிறகு கையைத் திரைக்கு முன்னால் நீட்டி, பாம்பு நெளிவதுபோல் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"அசையறதுக்கு இடமே இல்லையே," என்றார். "அவ கணக்குல மட்டுமா?"

"அவளுக்கு அதைக் குடுத்ததே நான்தான்."

"உங்க கணக்குகளைத் தணிகைவேல் பாத்தானே. என்ன சொன்னான்?"

"சூப்பர்ண்ணான்னான்."

"நானும் பாத்தேன். எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு." பேராசிரியர் எழுந்தார். "முழுக் கணக்குன்னா ரெண்டு மடங்கு கம்ப்யூட்டர் வேணும். மீதிக் கம்ப்யூட்டர்ல என்ன ஓடுது?"

"என் கணக்கு."

"நிறுத்துங்க."

"மேடம், அது என் கடைசி அத்தியாயம்."

"கண்ணாடி வெச்ச கணக்குதானே?"

"ஆமா."

"தப்பான கணக்கை நிறுத்தறது தியாகம் இல்லை மாசிலாமணி. மின்சாரச் சிக்கனம். போய் நிறுத்திட்டு பெனாசிர்கிட்ட சொல்லுங்க."

"நீங்க சொல்லிடுங்களேன்."

"எதிராளி நானா?"

பெனாசிர் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"நீங்கதானே சார் குடுத்தீங்க?"

"ஆமா."

"இத்தனை வருஷமா ஓடுதுன்னு சொன்னீங்க."

"ஓடத்தான் செஞ்சுது."

"கட்டத்தையெல்லாம் ராப்பகலாப் பாத்தேன். அதை மட்டும் பாக்கல. நீங்க குடுத்ததுன்னு பாக்கல." அவள் குரல் உடைந்து, மேலப்பாளையத்துக்குத் திரும்பியது. "இப்ப வந்து சொல்லுதீங்க. நாளைக்கு ஒட்டணும்."

"ஒரு நாள் தள்ளி ஒட்டலாம்னு மேடம் சொல்லுவாங்க. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் உனக்கு விட்டிருக்கேன்."

அவள் விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். இரண்டு வரி தட்டிவிட்டு நிறுத்தினாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? தணிகைவேல் அண்ணன் பாத்திருந்தா இது தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அவரும் நல்லாப் படிச்சவர்தானே. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? எம்மேல அவ்வளவு கோபமா?"

"கோபம் இல்லம்மா."

"பின்ன?"

மாசிலாமணி அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

"பொறாமை."

பெனாசிர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லூரியில் பாடம் எடுக்கும் மனிதர், முழுக்கைச் சட்டை, பையில் மூன்று பேனா.

"எம்மேலயா?"

"ஆமா."

"எங்க வீட்ல கேட்டா சிரிப்பாங்க சார்," என்றாள். பிறகு, "நகருங்க, முழு உருண்டையா வரையணும்," என்றாள்.

சோதனையன்று கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே கூட்டமாக இருந்தது. விண்வெளி நிறுவனத்திலிருந்து ஓர் அதிகாரியும் அவருடைய பெட்டியைத் தூக்க ஒருவரும் வந்திருந்தார்கள். கதவில் பெனாசிரின் புதிய கோடு. பழைய கோட்டில் இல்லாத ஒரு மேடு அதில் இருந்தது. ஒலியின் வேகத்துக்குச் சற்று முன்னால், பக்கவாட்டு உலுக்கலுக்கு உரிய மேடு.

"இது என்ன புதுசா ஒரு திமில்?" என்றார் அதிகாரி.

"வருதான்னு பாப்போம்," என்றார் பேராசிரியர்.

மாசிலாமணி சிவப்புப் பேனாவோடு கதவருகே நின்றார்.

தொட்டிகள் திறந்தன. சுவர்கள் அதிர்ந்தன. காற்று அடங்கியதும் உள்ளேயிருந்து தணிகைவேல் ஓர் எண்ணைக் கத்தினான். மாசிலாமணி அளந்து புள்ளி வைத்தார். கோட்டின்மேல் விழுந்தது. மறுபடி தொட்டிகளை நிரப்பி, வேகத்தைக் கூட்டித் திறந்தார்கள். அடுத்த எண். அதுவும் கோட்டின்மேல்.

புள்ளிகள் மேட்டை நெருங்கின. வந்தால் அவள் ஜெயிப்பாள்; மேடு வரக் கூடாது என்று அவருக்குள் ஒருவர் வேண்டினார். ஆனால் மேடு அவரே கண்டுபிடித்தது. அது வராவிட்டால் இரண்டு அத்தியாயங்களை வீணாக இழந்தவராவார். அதனால் வர வேண்டும் என்றும் அவருக்குள் இன்னொருவர் வேண்டினார். கோயிலில் ஒரே சாமியிடம் இரண்டு கட்சியும் நேர்ந்துகொண்டதுபோல் ஆயிற்று.

தணிகைவேல் எண்ணைக் கத்தினான்.

மாசிலாமணி அளந்தார். மீண்டும் அளந்தார். புள்ளி வைத்தார். மேட்டின் உச்சியில், கோட்டிலிருந்து கொஞ்சமும் பிசகாமல், சிவப்பாக உட்கார்ந்தது.

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கடைசி இரண்டு புள்ளிகள் கோட்டுக்குக் கீழே விழுந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அவற்றைக் கவனித்தவர் பேனா வைத்திருந்தவர் மட்டும்தான்.

"யாரோட கணக்கு இது?" என்றார் அதிகாரி.

"பெனாசிர்," என்றார் பேராசிரியர்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பி, எங்கள் நிறுவனத்துக்கு வந்து ஒரு முறை இதை விளக்க வேண்டும் என்றார். பெட்டி தூக்குபவர் அவளைப் படம் எடுத்தார். கதவும் கோடும் அவளும் படத்தில் வருவதற்காக, "சார், கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றார். மாசிலாமணி தள்ளிக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு அவர் பேராசிரியரின் அறைக்குப் போனார். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், போகலை."

"எது?"

"பொறாமை. எனக்குத்தான். கொறையக்கூட இல்லை. அங்க நிக்கறப்போ அதிகமாச்சு."

"புள்ளியெல்லாம் சரியா வெச்சீங்களே."

"கை வெச்சுது."

பேராசிரியர் தலையசைத்தார். மேசைமேல் கிடந்த காகிதங்களை ஓரமாக ஒதுக்கினார்.

"காலேஜ்ல என்ன சொன்னாங்க?"

"ஒரு தவணை லீவு நீட்டிக் கேட்டேன். தாளாளர் திட்டிட்டுக் குடுத்தார். அதான் கடைசியாம்."

"அப்ப ரெண்டு அத்தியாயத்தையும் கண்ணாடி இல்லாம மறுபடி ஓட்டணும்."

"ஓட்டறேன்."

"அதுக்கு ஓர் எதிராளி வேணும்."

"தணிகைவேல் இருக்கானே மேடம்."

"தணிகைவேலுக்கு உங்களைப் பிடிக்கும். வேண்டாம். பெனாசிரைக் கேட்டேன்."

மாசிலாமணி நிமிர்ந்தார். "என்ன சொன்னா?"

"முடியாதுன்னுட்டா."

"ஏன் மேடம்? நான் சொன்ன பிழையில கோபமா?"

"அதெல்லாம் இல்லை. அந்த வேலைக்கு என்ன வேணும்னு அவளுக்கு இப்பத் தெரியும். அது அவகிட்ட இல்லையாம். உங்களைப் பாத்துப் பொறாமையே வரலை மேடம்னு சொல்லிட்டா."

மாசிலாமணி சட்டைப் பையிலிருந்த பேனாக்களைச் சரிசெய்துகொண்டார்.

"உண்மையைத்தானே சொன்னா," என்றார் பேராசிரியர். "அடுத்த தவணைவரைக்கும் நேரம் இருக்கு. அவளுக்கு வர்ற மாதிரி ஏதாவது செஞ்சுட்டு வாங்க."